மலைப்பாதைக்கு ஏற்ற சக்கர நாற்காலி: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக்குள்ளும் மருத்துவமனையிலும் பயன்படும் சக்கர நாற்காலியை விடுத்து, கரடுமுரடான வெளிப்பாதைகளில் பொழுதுபோக்காகச் சென்றுவர உதவும் சக்கர நாற்காலிகளைப் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் ஊர்ப் பெயர் மட்டும் தரப்படுகிறது.

பாலக்கோடு வாசகர்: தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டதால் எனக்கு இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் இல்லை. வயது 34, கைகளில் நல்ல வலு உண்டு. மடக்கு வகைச் சக்கர நாற்காலி ஒன்றை வைத்திருக்கிறேன். நண்பர்களோடு மல்லச்சந்திரம் கற்திட்டைகளை (பெருங்கற்காலக் கல்லறைகளை) பார்க்கச் சென்றபோது, மண்பாதையில் முன்சக்கரங்கள் புதைந்ததோடு, ஒரு கல்லில் இடித்து நாற்காலியோடு முன்னால் சரிந்துவிட்டேன். பேட்டரியில் ஓடும் நாற்காலி வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா?

பதில்: தீராது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் விவரித்திருப்பது தள்ளும் வலு போதாமையால் வந்த சிக்கல் அன்று. முன்சக்கரம் சிறிதாக இருப்பதால் வந்த சிக்கல். மடக்கு நாற்காலிகளின் முன்சக்கரம் பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. வழுவழுப்பான தரையில் நினைத்த பக்கம் சட்டெனத் திரும்புவதற்காகவே அது அவ்வளவு சிறிதாக வைக்கப்பட்டிருக்கிறது. 5 செ.மீ. உயரமுள்ள கல்லின் மீது அந்தச் சக்கரம் ஏற வேண்டுமானால், அதன் மேல் இறங்கும் எடையைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு விசையோடு முன்னோக்கித் தள்ள வேண்டும். விட்டம் 30 செ.மீ. ஆனால் 1.1 மடங்கு போதும், 60 செ.மீ. ஆனால் மூன்றில் இரண்டு பங்கே போதும். தேவையான விசை கிடைக்காதபோது நாற்காலி நின்றுவிடுகிறது, உட்கார்ந்திருப்பவரின் உடல் நிற்பதில்லை. நீங்கள் சரிந்தது அதனால்தான். அதே முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு மோட்டாரைச் சேர்த்தால், அதே கல்லில் இன்னும் வேகமாக மோதுவீர்கள்.

ஆகவே வெளிப்பாதை நாற்காலி எதுவாயினும் அது முன்சக்கரத்தை என்ன செய்கிறது என்பதையே முதலில் பாருங்கள். எளிய வழி, ஏற்கெனவே உள்ள நாற்காலியின் கால்வைக்கும் பலகையில் 12 அங்குல அளவுள்ள காற்றடைத்த தனிச்சக்கரம் ஒன்றைக் கவ்விபோல் பொருத்திக்கொள்வது. 'ஃப்ரீவீல்' என்ற அமெரிக்கத் தயாரிப்பு இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. அதைப் பூட்டியதும் இரண்டு சிறு முன்சக்கரங்களும் தரையைவிட்டு மேலெழுந்துவிடும். நாற்காலி மூன்று சக்கர வண்டியாக நீண்டுவிடுவதால் முன்னால் கவிழும் அபாயமும் குறையும். திருப்பங்களுக்குக் கூடுதல் இடம் தேவைப்படும் என்பதே இதன் குறை. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் மடக்கு நாற்காலியில் கால்பலகை இரண்டு துண்டாக, மேலே மடங்கும்படி இருப்பதால் அந்தக் கவ்வியின் இழுவையை அது தாங்காது. இவ்வகைச் சக்கரத்துக்கு மடங்காத, ஒரே சட்டகமாக அமைந்த நாற்காலி வேண்டும். மடக்கு நாற்காலியாயின் அதற்கென்று தனி இணைப்பு வேண்டும்.

அடுத்தது லீவர் வகை. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அமோஸ் விண்டர் 2005ஆம் ஆண்டு டான்சானியாவுக்குச் சென்று, அங்குள்ள ஊர்ப்புறங்களில் சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் படும் பாட்டைக் கண்டபின் உருவாக்கிய வடிவமைப்பு இது. கையால் பிடித்துத் தள்ளும் வளையத்துக்குப் பதிலாக இரண்டு நீண்ட லீவர்களும், சைக்கிளின் செயினும் பல்சக்கரமும் இதில் உண்டு. லீவரின் மேல்நுனியைப் பிடித்துத் தள்ளினால் வேகம் குறைந்து வலு கூடும், மேட்டில் ஏறலாம். தாழப் பிடித்துத் தள்ளினால் சமதரையில் விரைவாகச் செல்லலாம். கியர் மாற்றும் உறுப்பு எதுவும் இல்லை. கை இருக்கும் இடமே கியர். பின்னால் இழுத்தால் பிரேக். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் குவாதமாலாவிலும் மட்டுமன்றி, செயற்கைக் கால்களுக்குப் பெயர்பெற்ற ஜெய்ப்பூரின் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதியோடு இணைந்து நம் நாட்டிலும் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. இதன் வழித்தோன்றலே அமெரிக்காவில் விற்கப்படும் 'கிரிட் ஃப்ரீடம் சேர்'. பிரிட்டனின் 'மவுண்டன் டிரைக்' நாற்காலியும் லீவரால் இயங்குவதே. அதில் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னாலும், திசைமாற்றும் சிறு சக்கரம் பின்னாலும் இருப்பதால் கல்லை முதலில் சந்திப்பது பெரிய சக்கரமாகிறது. என் பார்வையில் இது அறிவார்ந்த அமைப்பு. இறக்குமதி செய்யும்போது சுங்கமும் சரக்குக் கட்டணமும் சேர்ந்துகொள்வதும், ஓர் உறுப்பு பழுதானால் கடல் கடந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இதன் குறைகள்.

மோட்டார் பக்கம் வந்தால், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் சுஜாதா சீனிவாசனின் வழிகாட்டுதலில் வளர்ந்து 2021இல் வெளிவந்த 'நியோஃப்ளை' நாற்காலியையும், அதன் முன்னால் பூட்டும் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் இணைப்பையும் கவனிக்கலாம். நாற்காலி ஒவ்வொருவரின் உடலளவுக்கும் ஏற்பப் பொருத்தித் தரப்படுகிறது. இணைப்பைப் பூட்டினால் மணிக்கு 25 கி.மீ. வேகம் வரையிலும், ஒருமுறை மின்னேற்றினால் 25 கி.மீ. தொலைவு வரையிலும் செல்லலாம். ஆயினும் இயக்கும் சக்கரம் முன்னால் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். செங்குத்தான மேட்டில் எடை பெரும்பாலும் பின்னால் சாய்ந்துவிடுவதால், உதிரிக் கல்லும் சரளையும் உள்ள இடத்தில் முன்சக்கரம் பிடிமானமின்றிச் சுழலும். மண்சாலைக்கும் ஏரிக்கரைக்கும் மாந்தோப்பு வழிக்கும் இது நல்ல துணை. பாறை ஏற்றத்துக்கு அன்று.

படக்காட்சிகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய, டாங்கியைப் போல் ரப்பர்ப் பட்டைகளில் ஊர்ந்து செல்லும் 'டிராக்சேர்' மேற்சொன்ன எல்லாவற்றையும்விட எளிதாக ஏறும். ஆனால் அதன் எடை 150 கிலோவைத் தாண்டும். கொண்டுசெல்லத் தனி வண்டி வேண்டும். அமெரிக்காவிலேயே பெரும்பாலானோர் அதைச் சொந்தமாக வாங்குவதில்லை. ஜார்ஜியா போன்ற மாநிலங்களின் அரசுப் பூங்காக்களில் முன்பதிவு செய்து இரவல் பெறுகிறார்கள். நம் மாவட்டங்களிலும் இத்தகைய சாதனம் என்றாவது வருமானால், அது தனியொருவர் வீட்டுக்கு வருவதைவிட ஒகேனக்கல்லுக்கோ கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்கோ வருவதே பொருத்தம்.

உங்கள் கைவலுவையும் நண்பர்களின் துணையையும் கணக்கில் கொண்டு சொல்வதானால், மடங்காத சட்டக நாற்காலி ஒன்றையும் பெரிய முன்சக்கர இணைப்பு ஒன்றையும் முதலில் வாங்குங்கள். மோட்டாரைப் பிறகு பார்க்கலாம். நாற்காலியும் நீங்களும் சேர்ந்து 100 கிலோ எனக் கொண்டால், அரசுக் கட்டடச் சாய்தளங்களுக்கு வரையறுக்கப்பட்ட 12க்கு 1 என்ற சரிவில் ஏற 8 கிலோ அளவுக்கான தள்ளுவிசையே தேவை; மலைப்பாதையில் இயல்பாக எதிர்ப்படும் 6க்கு 1 சரிவில் அது 16 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். அந்த வேறுபாட்டை ஈடுசெய்ய, நாற்காலியின் சட்டகத்தில் கட்டிய அகலப் பட்டைக் கயிற்றை முன்னாலிருந்து ஒருவர் இழுத்தாலே போதும். இறக்கத்தில் அதே கயிறு பின்னால் இருக்க வேண்டும். உள்ளங்கையால் வளையத்தை உரசி வேகத்தைக் கட்டுப்படுத்த முயன்றால் நீண்ட இறக்கத்தில் தோல் வெந்துவிடும். மல்லச்சந்திரத்தில் கடைசிப் பாறைப் பகுதியை எந்த நாற்காலியும் கடக்காது. அங்கே நண்பர்கள் தூக்கித்தான் ஆக வேண்டும்.

பென்னாகரம் வாசகர்: எங்கள் பகுதியில் சீமைக் கருவேல முள் சக்கரத்தை விட்டுவைப்பதில்லை. காற்றில்லாத கெட்டி டயர் போட்டுவிடலாமா?

பதில்: பஞ்சர் தொல்லை தீரும், அதிர்வு தொடங்கும். கெட்டி டயரில் ஒவ்வொரு கல்லின் அடியும் நேரே முதுகெலும்புக்கு வரும், மணலிலும் சேற்றிலும் அது ஆழமாகப் புதையும். ஓட்டையைத் தானே அடைக்கும் திரவத்தை டியூபுக்குள் ஊற்றி, அகலமான டயரைப் போட்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்களையும் சிறு பம்பையும் பையில் வைத்துக்கொள்வதே மேல். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சக்கர நாற்காலியின் நிறுத்தும் பிரேக் டயரின் மேல்பரப்பை அழுத்தியே பிடிக்கிறது. மணலுக்காகக் காற்றைக் குறைத்தாலோ டயரின் அளவை மாற்றினாலோ அந்தப் பிரேக் பிடிக்காமல் போகலாம். டயரைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பிரேக்கைச் சரிபார்க்காமல் சரிவில் நாற்காலியை நிறுத்தாதீர்கள்.

கிருஷ்ணகிரி வாசகி: தசைச் சிதைவு நோயுள்ள என் மகனுக்கு வயது 12. அரசு வழங்கிய பேட்டரி நாற்காலியில் பள்ளிக்குச் சென்றுவருகிறான். சாரணர் இயக்கத்தில் சேர்ந்திருக்கும் அவனுடைய வகுப்புத் தோழர்கள் மலைநடைக்குச் செல்லும்போது அவனும் வர வேண்டும் என்கிறார்கள். பேட்டரி நாற்காலியை மலைக்குக் கொண்டுபோக இயலாது. கைகளால் தள்ளவும் அவனால் முடியாது. வழி உண்டா?

பதில்: உண்டு, அந்தத் தோழர்களே அந்த வழி. பிரான்சு நாட்டு மலை வழிகாட்டியான ஜோயல் குளோடெல், தசைநோயால் பாதிக்கப்பட்ட தம் உறவுச் சிறுவன் மலையேறுவதற்காக 1987இல் ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்றை உருவாக்கினார். 'ஜோயலெட்' என்று அழைக்கப்படும் அதில் இருக்கைக்கு நேர்கீழே ஒரே ஒரு சக்கரம், அதிர்வைத் தாங்கும் அமைப்போடு இருக்கும். முன்னால் தோளளவு அகலமுள்ள கைப்பிடிகளுக்கு நடுவே ஒருவர் நின்று இழுக்க, பின்னால் ஒருவர் சமநிலையைப் பிடித்துக்கொள்ள, எடையைச் சக்கரம் சுமக்கும். நான்கு சக்கர நாற்காலி ஒன்றின் அகலம் தேவைப்படாததால் ஒற்றையடிப் பாதையிலும் செல்லும். பென்னாகரத்தை ஒட்டிய சாலை வசதியற்ற மலைக் கிராமங்களில் நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கிவருவதைச் செய்தியாகப் படித்து வருந்துகிறோமே, அந்தத் தூளியின் எடையைச் சக்கரத்தின் மேல் இறக்கிவைத்தால் என்ன கிடைக்குமோ அதுதான் ஜோயலெட். அதை மகிழ்ச்சிக்காகவும் பயன்படுத்தலாம் என்று எண்ணிப் பார்த்ததில்தான் அந்த வழிகாட்டியின் அருமை இருக்கிறது.

ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மட்டுமே அதை இயக்கக் கூடாது. இழுப்பவரும் பிடிப்பவரும் பெரியவர்களாக இருக்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் மூன்றாமவர் ஒருவர் கயிற்றால் இழுக்க வேண்டியிருக்கும். மாற்றி மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் குழுவில் ஆறு பேராவது இருப்பது நல்லது. பிள்ளைகள் முன்னால் சென்று பாதையிலுள்ள கற்களை அகற்றலாம், தண்ணீர் சுமக்கலாம், பாதையின் போக்கை அவனுக்குச் சொல்லிக்கொண்டே வரலாம். உங்கள் மகனுக்குக் கழுத்துத் தசைகளும் தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் தலையைத் தாங்கும் பலகையும், மார்பைச் சுற்றிய பட்டையும் கட்டாயம். இந்நோய் இதயத்தையும் மூச்சுத் தசைகளையும் பாதிக்கக்கூடியது. முதல் பயணத்துக்கு முன் அவனைப் பார்த்துவரும் மருத்துவரின் ஒப்புதலைப் பெறுங்கள். முதலில் பள்ளி மைதானத்தில் வெறும் நாற்காலியில் மணல்மூட்டையை வைத்துப் பெரியவர்கள் பழகட்டும்.

ஓசூர் வாசகர்: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சைக்கிள் உறுப்புகளைக் கொண்டு இத்தகைய நாற்காலியை நாமே செய்ய முடியாதா?

பதில்: ஓசூரில் செய்ய முடியாதென்றால் வேறெங்கும் செய்ய முடியாது. லீவர் நாற்காலியின் வடிவமைப்புத் தத்துவமே, எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் செயின், பல்சக்கரம் (சைக்கிளின் ஃப்ரீவீல்), பேரிங் ஆகியவற்றால் பழுதுபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலியில் 24 அங்குலம் என்று குறிக்கப்படும் சக்கரத்தின் டயர் அமரும் விட்டம் 540 மி.மீ.; 24 அங்குல மலைச் சைக்கிளில் அது 507 மி.மீ. பெயர் ஒன்று, டயர் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதே வேளையில் சக்கர நாற்காலியின் 25 அங்குலமும், பழைய 26 அங்குல மலைச் சைக்கிளும் 559 மி.மீ. என்ற ஒரே அளவின. ஆகவே 559ஐத் தேர்ந்துகொண்டால் முரட்டுப் பல்லுள்ள அகல டயர்கள் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.

சைக்கிள் சக்கரத்துக்கு இரு பக்கமும் தாங்கல் உண்டு, சக்கர நாற்காலியின் சக்கரமோ ஒரு பக்க அச்சில் மட்டுமே தொங்குகிறது. எனவே சைக்கிளின் மெல்லிய அச்சை அப்படியே பொருத்தினால் அது முறிந்துவிடும். அச்சையும் அது அமரும் பற்றவைப்பையும் பற்றியே அதிகம் கவலைப்படுங்கள். பின்னால் கவிழாமல் தடுக்கும் தாங்கு கம்பிகள், இரு சக்கரங்களுக்கும் தனித்தனிப் பிரேக், இடுப்புப் பட்டை ஆகியவை இல்லாமல் யாரையும் உட்கார வைக்க வேண்டாம். இன்னொன்று, அளவெடுக்கும்போதே பயன்படுத்தப் போகிறவர் பட்டறையில் இருக்க வேண்டும். இருக்கை இரண்டு அங்குலம் அகலமாகிவிட்டாலும் அவர் சக்கரத்தை எட்டித் தள்ளத் தோளை விரிக்க வேண்டியிருக்கும். பயனாளியைக் கேட்காமல் செய்த உதவிச் சாதனங்கள் பரணில் தூங்குவதைப் போதுமான அளவு பார்த்தாயிற்று.

காரிமங்கலம் வாசகி: கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட என் கணவரை அரைநாள் வெளியே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நாற்காலியைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் வெயிலை. பாதிப்புக்குக் கீழுள்ள உடற்பகுதியில் வியர்வை சுரப்பது நின்றுவிடுவதால் உடல் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ள இயலாது. நமக்கு வெறும் புழுக்கமாகத் தோன்றும் தருமபுரி வெயில் அவருக்குக் காய்ச்சலைப் போல் உடல் வெப்பத்தை ஏற்றிவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களைத் தவிர்த்து, காலை பத்து மணிக்குள் திரும்பும்படி திட்டமிடுங்கள். தெளிப்பான் புட்டியில் தண்ணீர் கொண்டுசென்று கைகளிலும் கழுத்திலும் அவ்வப்போது தெளியுங்கள்.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. மார்புப் பகுதியின் 6ஆவது தண்டுவடக் கண்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவர்களுக்குத் திடீரென இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். கடுமையான தலைவலி, முகம் சிவத்தல், பாதிப்புக்கு மேலே மட்டும் வியர்த்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். பாதையின் குலுக்கலில் சிறுநீர்க் குழாய் மடங்கிப்போவதோ, பட்டை இறுகிவிடுவதோ கூட இதற்குக் காரணமாகலாம். உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டைகளையும் ஆடையையும் தளர்த்தி, குழாயைச் சரிபாருங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். ஆகவே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடத்துக்கு முதல் பயணத்திலேயே செல்வது அறிவுடைமை அன்று.

மூன்றாவது, தோல். அரைமணிக்கு ஒருமுறையாவது அவரை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்த்து, இருக்கையின் அழுத்தத்தை நீக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் மெத்தையையே கொண்டுசெல்லுங்கள். மடித்த போர்வை அதற்கு ஈடாகாது. திரும்பியதும் பிட்டம், வால் எலும்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பாருங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அது மறையும்வரை அந்த இடத்தில் எடை இறங்கக் கூடாது.

அஞ்செட்டி வாசகர்: காட்டுக்குள் சக்கர நாற்காலியை அனுமதிப்பார்களா? மோட்டார் இருந்தால் வாகனம் என்று சொல்லி மறுத்துவிடுவார்களா?

பதில்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், வெளிப்புற முகாம்களிலும் சாகச நடவடிக்கைகளிலும் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க வழிசெய்வதை அரசின் பொறுப்பாகவே குறிப்பிடுகிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அன்று. எனினும் உங்களைச் சூழ்ந்திருப்பது காவேரி வடக்கு, காவேரி தெற்கு என்ற இரு வனவிலங்குச் சரணாலயங்கள். பின்னது 2022இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் நுழைய யாராயினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். மாவட்ட வன அலுவலருக்கு எழுதும் விண்ணப்பத்தில் நாற்காலியின் அகலம், எடை, மோட்டார் உண்டா, உடன்வருவோர் எத்தனை பேர் என்பவற்றைக் குறிப்பிட்டு, தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலையும் இணையுங்கள்.

அமெரிக்காவில் வாகனங்களுக்குத் தடையுள்ள காடுகளில்கூட, நடக்க இயலாதவருக்கென்றே வடிவமைக்கப்பட்டதும் கட்டடத்துக்குள் பயன்படுத்தத்தக்கதுமான நாற்காலி, மோட்டார் இருந்தாலும் அனுமதிக்கப்படுகிறது என்று 1990ஆம் ஆண்டின் சட்டமே தெளிவாக வரையறுத்துவிட்டது. இங்கும் அப்படியொரு வரையறை வந்தால் வாயிலில் நிற்கும் வனக்காவலருக்கும் நமக்கும் வாக்குவாதம் மிச்சமாகும். தமிழ்நாடு அரசு 2024இல் 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 மலைநடைப் பாதைகளைத் திறந்தது. கிருஷ்ணகிரி அவற்றுள் ஒன்று. அவற்றில் எளிய பாதை எது, எந்த இடம்வரை சக்கரம் செல்லும் என்று முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். கேட்பவர் எண்ணிக்கை கூடினால்தான் பாதைகளைச் சக்கரக் கண்ணோட்டத்தில் அளப்பார்கள்.

யானையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேழ்வரகு விளையும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு வருவதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஓட முடியாதவர் அந்த மாதங்களில் அந்தக் காட்டோரப் பாதைகளுக்குச் செல்லக் கூடாது. உரிமையைப் பற்றிய எந்தச் சட்டமும் யானையைக் கட்டுப்படுத்தாது.

அரூர் வாசகர்: தீர்த்தமலைக் கோயிலுக்குச் சக்கர நாற்காலியில் ஏறலாமா?

பதில்: இயலாது. படிகள் உள்ள செங்குத்து ஏற்றத்துக்கு இங்கே குறிப்பிட்ட எந்த நாற்காலியும் ஏற்றதன்று. அடிவாரக் கோயிலோடு நிறைவு கொள்ளுங்கள். இல்லையேல் பழகிய ஆட்களைக் கொண்டு டோலியில் செல்லுங்கள். மலையைச் சக்கரத்தில் ரசிக்க விரும்பினால் வத்தல்மலைக்குக் காரில் சென்று, மேலே சமமான பகுதியில் நாற்காலியை இறக்குவது நல்ல மாற்று.

தருமபுரி வாசகர்: ஒகேனக்கல்லில் சக்கர நாற்காலியோடு பரிசலில் ஏற முடியுமா?

பதில்: நாற்காலியோடு ஏறக் கூடாது. பரிசலின் சமநிலை, அதில் இருப்போர் தாழ உட்கார்ந்திருப்பதைப் பொறுத்தது. நாற்காலியில் உயரமாக அமர்ந்தால் ஒரு சிறு சாய்வில் அது கவிழ்ந்துவிடும். உயிர்காப்பு உடையைக் கரையிலேயே அணிந்துகொண்டு, இருவர் தூக்கி இறக்க, நாற்காலியின் மெத்தையைப் பரிசலின் தரையில் போட்டு அதன்மேல் அமர்ந்து, முதுகைத் துணைக்கு வருபவர்மீது சாய்த்துக்கொள்ளுங்கள். உங்களை நாற்காலியோடு கட்டும் எந்தப் பட்டையும் தண்ணீரில் உடம்பில் இருக்கக் கூடாது. நீர்வரத்து அதிகரித்தால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்தை நிறுத்திவிடும் என்பதால் கிளம்பும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள். பரிசல் துறை வரையிலான வழியில் எண்ணெய்க் குளியல் நடக்கும் இடங்களைச் சுற்றி ஈரப்பாறை வழுக்கும். அங்கே எத்தனை முரட்டு டயரும் பிடிக்காது. அந்தச் சில அடிகளுக்கு நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரங்கள் முன்னே செல்ல, இருவர் பிடித்து மெல்ல இறக்கச் சொல்லுங்கள்.